லேசர் செய்த கண்ணில் காப்பிக் கிளை அடித்தால்

தம்பியை இன்றைக்கே ஏற்காட்டிலிருந்து கீழே சேலத்துக்குக் கூட்டி வாருங்கள். மீதியை வண்டியில் வரும்போது படித்துக்கொள்ளலாம்.

மற்றவர்களுக்கும் புரியட்டும் என்று உங்கள் கேள்வியைச் சுருக்கிச் சொல்லிவிடுகிறேன். ஏற்காட்டில் காப்பித் தோட்டம் பார்த்துக்கொள்ளும் உங்கள் தம்பிக்கு 32 வயது. எட்டு வருஷத்துக்கு முன் 'லேசர் வைத்துக் கண்ணாடியை எடுத்துவிட்டார்'. மூன்று நாள் முன்னால் பழம் பறிக்கிற இடத்துக்குப் போனபோது, முன்னால் நடந்தவர் ஒதுக்கிப் பிடித்திருந்த கிளை விடுபட்டு வந்து இடது கண்ணில் அடித்திருக்கிறது. மருந்துக்கடையில் சொட்டு மருந்து வாங்கிப் போட்டார். சிவப்பு குறைந்தது. பார்வை மட்டும் தெளியவில்லை, 'தண்ணிக்குள்ள இருந்து பாக்குற மாதிரி இருக்கு' என்கிறார். எட்டு வருஷம் ஆகிவிட்டதே, ஆபரேஷன் புண்ணெல்லாம் ஆறியிருக்காதா, இதற்கும் அதற்கும் சம்பந்தம் உண்டா என்று கேட்கிறீர்கள்.

நான் சேலத்தில் 19 வருஷமாக ஆப்டோமெட்ரிஸ்ட். கத்தி பிடிப்பவன் இல்லை. டாக்டருக்கு முன்னால் உட்கார்ந்து, ஸ்லிட் லேம்ப் என்கிற அந்த வெளிச்சக் கருவியில் கண்ணை முதலில் பார்ப்பவன். அந்த இடத்திலிருந்து நான் முதலில் கேட்பது இதைத்தான்: தம்பிக்கு நடந்தது எந்த ஆபரேஷன்?

'லேசர்' என்பது பதில் ஆகாது. லேசிக், பிஆர்கே, ஸ்மைல் எல்லாமே லேசர்தான். கண்ணுக்குள் லென்ஸ் வைத்துக்கொண்டவர்கள்கூட 'லேசர் பண்ணிக்கிட்டேன்' என்றுதான் சொல்கிறார்கள். அடி ஒன்றாக இருந்தாலும், எந்த ஆபரேஷன் நடந்ததோ அதைப் பொறுத்துக் கண்ணுக்குள் நடப்பது மாறும். பீரோவில் அந்த டிஸ்சார்ஜ் அட்டை இருந்தால் எடுத்து வாருங்கள். கிடைக்கவில்லை என்றால் செய்த இடத்துக்குப் போன் போட்டு வாட்ஸ்அப்பில் அனுப்பச் சொல்லுங்கள்.

எட்டு வருஷத்துக்கு முன், ஒரே நாளில் வீட்டுக்கு வந்து, மறுநாளே தெளிவாகத் தெரிந்தது என்றால் பெரும்பாலும் அது லேசிக். அதை வைத்தே பேசுகிறேன்.

கருவிழி என்று நாங்கள் சொல்வது கண்ணின் முன்னால் கண்ணாடி போல இருக்கும் படலத்தை. அதன் கனம் நடுவில் அரை மில்லிமீட்டருக்குச் சற்றே மேல். மைக்ரான் கணக்கில் சுமார் 540. லேசிக்கில் அதன் மேல்பக்கத்தில் 100, 120 மைக்ரான் ஆழத்துக்கு வட்டமாக ஓர் ஏடு பிரிப்பார்கள். முழுவதும் வெட்டிவிடாமல் ஓர் ஓரத்தை மட்டும் கீல் மாதிரி விட்டுவைப்பார்கள். ஃப்ளாப் என்பது அதுதான். அதைப் பெட்டி மூடி போலத் திறந்து, அடியில் உள்ள சதையை எக்ஸைமர் லேசரால் செதுக்கி, பழையபடி மூடிவிடுவார்கள். தையல் கிடையாது. (இந்த லேசரின் கதையில் நம்மூர்க்காரர் ஒருவர் உண்டு. சென்னைப் பல்கலைக்கழகத்தில் படித்த ரங்கசாமி ஸ்ரீனிவாசன் அமெரிக்காவில் ஐபிஎம் ஆய்வகத்தில் வேலை பார்த்தபோது, 1981 நவம்பரில், பண்டிகை விருந்தில் மிஞ்சிய வான்கோழியைக் கொண்டுபோய் அந்த லேசரை அதில் பாய்ச்சிப் பார்த்தார். சுற்றிலும் கருகாமல் சுத்தமாக வெட்டியது. இன்று உலகம் முழுக்கக் கண்ணாடி கழற்றியவர்களின் கண்ணில் அந்த வான்கோழிக்கும் ஒரு பங்கு இருக்கிறது.)

மூடிய ஏடு எப்படி ஒட்டுகிறது என்பதில்தான் உங்கள் கேள்விக்குப் பதில் இருக்கிறது. மேல்தோல் ஒரு நாளைக்குள் ஓரத்தை மூடிவிடும். பிறகு அந்த வட்ட விளிம்பில் மெல்லிய வடு ஒன்று உருவாகும். நடுப்பகுதியோ ஒட்டி உட்கார்ந்திருக்குமே தவிர, பின்னிக்கொள்வதில்லை. லேசிக் செய்துகொண்டவர்கள் இறந்தபின் தானமாக வந்த கண்களை இழுத்துப் பார்த்த ஆய்வு ஒன்று 2005-ல் வந்தது. விளிம்பு வடுவின் பலம் சாதாரணக் கருவிழியில் சுமார் 28 சதவீதம். நடுப்பகுதியில் வெறும் 2.4 சதவீதம். சில வருஷம் கழித்துப் பவர் கொஞ்சம் திரும்பி வந்தவர்களுக்கு அதே பழைய ஏட்டை டாக்டர் மறுபடி தூக்கி லேசர் வைப்பது உண்டு. டாக்டரால் தூக்க முடிகிறது என்றால் கிளையாலும் தூக்க முடியும்.

இதைப் படித்து லேசிக் செய்தவர்கள் பயந்து கண்ணை மூடிக்கொள்ள வேண்டாம். தலைக்குக் குளிப்பது, தூங்குவது, பைக் ஓட்டுவது, அழுவது, இதிலெல்லாம் ஆறிய ஏடு நகராது. நேராக விழும் குத்தைவிட, பக்கவாட்டில் வழித்துக்கொண்டு போகிற அடியில்தான் ஆபத்து அதிகம். விரல் நகம், நாயின் கால், குடைக் கம்பி, துணி காயப்போடும் கம்பி, செடிக் கிளை. ஆபரேஷன் நடந்து பத்து வருஷத்துக்கு மேல் ஆன பிறகும் இப்படி ஏடு விலகியது மருத்துவ இதழ்களில் பதிவாகியிருக்கிறது.

நான் பார்த்த ஒன்றைச் சொல்கிறேன். ஓமலூர்ப் பக்கத்து ஆள், லேசிக் செய்து ஆறு வருஷம். மடியில் வைத்துக் கொஞ்சும்போது ஒன்றரை வயது மகள் கண்ணில் கை வைத்துவிட்டாள். குழந்தை நகம் தானே! ஓரிடத்தில் காட்டியதற்குக் கீறல் என்று சொல்லிச் சொட்டு கொடுத்து அனுப்பியிருக்கிறார்கள். ஐந்து நாள் கழித்து எங்களிடம் வந்தார். மேல்தோல் உரிந்த இடத்தைப் பச்சையாகக் காட்டும் சாயத்தைத் தொட்டு நீல வெளிச்சத்தில் பார்த்தேன். கருவிழியின் வெளிப்பக்கம் பிறை மாதிரி பச்சையாகத் தெரிந்தது. அந்தப் பிறைக்கு உள்ளே, கல்லில் திருப்பும்போது மடிந்துபோன தோசை ஓரம் போல, ஏடு சுருண்டு கிடந்தது. அங்கிருந்து நடுவை நோக்கி வரிவரியாகச் சுருக்கம்.

"ஏங்க, லேசர் ஏதாச்சும் பண்ணிருக்கீங்களா?"

"ஆமாங்க சார், கல்யாணத்துக்கு முன்னாடி."

"அங்க சொன்னீங்களா?"

"அவங்க கேக்கலீங்க. ஆறு வருசம் ஆயிருச்சேன்னு நானும் சொல்லலீங்க."

இந்த இரண்டு வரிக்குள்தான் அந்த ஐந்து நாள் போயிருக்கிறது. அதற்குள் மேல்தோல் செல்கள் ஏட்டுக்கு அடியில் புகுந்து வெள்ளைத் திட்டாக வளர ஆரம்பித்துவிட்டன. டாக்டர் ஏட்டை முழுவதும் தூக்கி, அடியிலும் மேலேயும் சுரண்டி, கழுவி, சுருக்கத்தை ஈரப் பஞ்சால் நீவி நீவி எடுத்து, மேலே ஒரு காண்டாக்ட் லென்ஸைக் கட்டு மாதிரி போட்டு அனுப்பினார். முதல் நாளே வந்திருந்தால் நீவுவது சுலபமாக இருந்திருக்கும். நாளாக ஆகச் சுருக்கம் இஸ்திரி போட்ட மடிப்பு போலப் படிந்துவிடும். அவருக்குப் பார்வை 6/9 வரை வந்து நின்றுவிட்டது (முழுப் பார்வை என்றால் 6/6). இரவில் எதிரே வரும் லாரி விளக்கு அந்தக் கண்ணில் இழுத்துத் தெரிகிறது என்று இன்னமும் சொல்வார்.

உங்கள் தம்பி விஷயத்தில் இதற்கு மேல் இன்னொரு சிக்கல் இருக்கிறது. அடித்தது குழந்தை நகம் இல்லை, செடி. எனக்கு அதிகக் கவலை தருவது இதுதான்.

இலை, கிளை, நெல் உமி, கரும்புச் சோகை இப்படிச் செடி சம்பந்தப்பட்டது எது கண்ணைக் கீறினாலும் பூஞ்சைத் தொற்று வரலாம். குளிர் நாடுகளில் இது அபூர்வம். நம் தமிழ்நாட்டில் கருவிழிப் புண்களில் பூஞ்சைக்குப் பெரிய பங்கு உண்டு. பூஞ்சைப் புண் அவசரப்படாது. முதல் சில நாள் லேசான உறுத்தல், கொஞ்சம் மங்கல், அவ்வளவுதான் காட்டும். பிறகு சாம்பல் நிறத்தில், ஓரம் பிசிறு பிசிறாக ஒரு புள்ளி தெரியும். அப்போதும் நாட்டாமைசின் போன்ற பூஞ்சை மருந்தை மணிக்கணக்கு வைத்து வாரக்கணக்கில் போட வேண்டியிருக்கும். ஏடு விலகிய கண்ணில் அதற்கு வசதி இன்னும் அதிகம். ஏட்டுக்கு அடியில் போய் உட்கார்ந்துகொண்டால் சொட்டு மருந்து எளிதில் எட்டாது.

இப்போது அந்த மருந்துக்கடைச் சொட்டுக்கு வருவோம். பாட்டிலைத் திருப்பிப் படியுங்கள். டெக்ஸாமெதசோன், பீட்டாமெதசோன், பிரெட்னிசோலோன் இவற்றில் ஏதாவது ஒன்று இருந்தால் அது ஸ்டீராய்டு. சிவப்பைச் சட்டென்று குறைக்கும். 'நல்லா கேக்குது' என்று தோன்றும். பூஞ்சைக்கோ அது உரம் போட்ட மாதிரி. சிவப்பு குறைந்தும் பார்வை தெளியவில்லை என்று நீங்கள் எழுதியதைப் படித்ததும் எனக்கு முதலில் வந்த சந்தேகம் இதுவே. ஸ்டீராய்டு என்று தெரிந்தால் இன்றைக்கு டாக்டர் பார்க்கும் வரை மேற்கொண்டு போட வேண்டாம்.

இதில் ஒரு முரண் வேறு. அடிபட்ட லேசிக் கண்ணில் ஏட்டுக்கு அடியில் கிருமியே இல்லாமல் வெறும் அழற்சி வருவதும் உண்டு. மணல் தூவியது போலப் பரவலாகத் தெரியும். அதற்கு மருந்து ஸ்டீராய்டுதான், அதுவும் அடிக்கடி. ஆக, வெளியே ஒரே சிவப்பு, ஒரே மங்கல். உள்ளே இருப்பது ஒன்றாக இருந்தால் ஸ்டீராய்டு காப்பாற்றும், இன்னொன்றாக இருந்தால் கண்ணையே கெடுக்கும். போனில் போட்டோ அனுப்பினால் யாராலும் பிரித்துச் சொல்ல முடியாது. ஸ்லிட் லேம்ப்பில் பார்க்க வேண்டும், தேவைப்பட்டால் சுரண்டி எடுத்து மைக்ரோஸ்கோப்பில் பார்க்க வேண்டும். மலைமேல் இருந்துகொண்டு செய்யக்கூடிய வேலை இல்லை என்பதால்தான் முதல் வரியை அப்படி எழுதினேன்.

கருவிழியைப் பார்த்துவிட்டு எழுந்து வந்துவிடாதீர்கள். விழித்திரையையும் பார்க்கச் சொல்லுங்கள். தம்பிக்கு முன்பு மைனஸ் எவ்வளவு இருந்தது? ஐந்து, ஆறு என்றால் அவர் கண் உருண்டை மற்றவர்களைவிட நீளமானது, விழித்திரை இழுபட்டு மெலிந்திருக்கும். லேசர் செதுக்கியது முன்பக்கத்தை மட்டும். பின்னால் அது இன்றைக்கும் அதே மைனஸ் ஆறு கண்தான். அடிபட்டால் விழித்திரை கிழியும் வாய்ப்பு அப்படியேதான் இருக்கிறது. அடிபட்ட அன்று எதுவும் தெரியாமல், வாரங்கள் கழித்துக்கூட வரலாம். மின்னல் வெட்டுகிற மாதிரி ஒளி, திடீரென்று கொசுக் கூட்டம் போலக் கரும்புள்ளிகள், ஓரத்திலிருந்து திரை இறங்குகிற மாதிரி நிழல், இதில் எது தெரிந்தாலும் அன்றைக்கே போக வேண்டும்.

இன்னொன்று, கண் அழுத்தம். லேசிக்கில் கருவிழி மெலிந்துவிடுவதால் அழுத்தமானி உண்மையைவிடக் குறைவாகக் காட்டும். அடிபட்டு உள்ளே ரத்தம் கசிந்தாலோ ஸ்டீராய்டு தொடர்ந்து போட்டாலோ அழுத்தம் ஏறும். ஏறியும் கருவியில் 'நார்மல்' என்று வந்து தொலைக்கும். பார்ப்பவருக்கு லேசிக் விஷயம் தெரிந்திருந்தால் அந்த எண்ணை அப்படியே நம்பமாட்டார்.

மற்ற ஆபரேஷன்காரர்களுக்குச் சுருக்கமாக. பிஆர்கேயில் ஏடே கிடையாது. மேல்தோலைச் சுரண்டிவிட்டு லேசர் வைப்பது. முதல் மூன்று நாலு நாள் வலி உயிர் போகும், ஆனால் ஆறிவிட்டால் விலக ஒன்றுமில்லை. கபடி, குத்துச்சண்டை ஆடும் பையன்கள் கண்ணாடி கழற்ற வந்தால் நான் இதைப் பற்றிக் கேட்கச் சொல்லி அனுப்புவேன். ஸ்மைலில் இரண்டிலிருந்து நாலு மில்லிமீட்டர் வெட்டு மட்டும். ஏடு இல்லாததால் அதுவும் பரவாயில்லை. உள்ளே லென்ஸ் வைத்தவர்களுக்கு பலத்த அடியில் அந்த லென்ஸ் இடம் மாறலாம், சொந்த லென்ஸில் இடித்துப் புரையும் வரலாம்.

1980, 90-களில் கண்ணாடி எடுத்துக்கொண்டவர்களை மட்டும் தனியாகச் சொல்ல வேண்டும். லேசர் பரவலாகும் முன் பலருக்கு நடந்தது வேறு. வைரக் கத்தியால் கருவிழியில் சைக்கிள் சக்கரக் கம்பி போல எட்டு, பதினாறு வெட்டுகள், கனத்தில் சுமார் பத்தில் ஒன்பது பங்கு ஆழத்துக்கு. ஆர்கே என்பார்கள். இன்று அவர்களுக்கு 55, 60 வயதிருக்கும். அந்த வெட்டுகள் முப்பது வருஷம் கழித்தும் பலத்த அடியில் பிளந்துகொள்ளும். ஏடு விலகுவதெல்லாம் இதற்கு முன்னால் சிறு விஷயம். இது கண்ணே உடைவது. பழைய முறையில் 10, 12 மில்லிமீட்டர் வெட்டித் தையல் போட்டுப் புரை எடுத்துக்கொண்ட தாத்தா பாட்டிகளுக்கும் அப்படித்தான். ஆத்தூர்ப் பக்கத்திலிருந்து ஒரு பாட்டி வந்தார். பால் கறக்கும்போது மாடு தலையை ஆட்டியது, கொம்பு பட்டது. உள்ளே வைத்த லென்ஸ் முந்தானையில் ஒட்டியிருந்தது. "இது என்ன சாமி, கண்ணாடிச் சில்லு மாதிரி இருக்கு?" என்று அதை மடித்துக் கையில் கொண்டுவந்திருந்தார்.

கண் உடைந்திருக்கலாம் என்று தோன்றினால், அதாவது கண்பாப்பா கோணலாக இருந்தால், கறுப்பாக ஏதாவது வெளியே பிதுங்கினால், சூடான நீர் கொட்டியது போல இருந்து பார்வை போனால், கண்ணில் எதையும் விடவோ அமுக்கவோ கூடாது. பஞ்சு வைத்து இறுக்கிக் கட்டவும் கூடாது. ஒரு பேப்பர் கப்பின் அடிப்பாகத்தைக் கத்தரித்து, எலும்பின் மேல் படுகிற மாதிரி கவிழ்த்து, பிளாஸ்திரி ஒட்டுங்கள். சாப்பாடு, தண்ணீர் கொடுக்காதீர்கள், மயக்க மருந்து கொடுக்க வேண்டி வரலாம். ஏற்காட்டுக்காரர்களுக்கு மட்டும் ஒரு கூடுதல் எச்சரிக்கை: இருபது கொண்டை ஊசி வளைவு. உடைந்த கண்ணோடு வாந்தி எடுத்தால் உள்ளே இருப்பது வெளியே தள்ளிக்கொண்டு வரும். அங்கே ஆஸ்பத்திரியிலேயே வாந்திக்கு ஊசி போட்டுக்கொண்டு, முன் சீட்டில் சாய்ந்து உட்கார வைத்து, மெதுவாக இறங்குங்கள். சேலத்தில் அரசு மோகன் குமாரமங்கலம் மருத்துவமனையில் கண் பிரிவு இருக்கிறது.

சுண்ணாம்பு, ஆசிட், பூச்சிமருந்து பட்டால் கணக்கு தலைகீழ். 'லேசர் பண்ணின கண்ணாச்சே, தண்ணி ஊத்தலாமா' என்று யோசிக்கவே கூடாது. கொலுசுப் பட்டறையில் ஆசிட் தெறித்த ஒருவர் அப்படி யோசித்தே கால் மணி நேரத்தைத் தொலைத்தார். குழாயைப் பீய்ச்சாமல், சொம்பில் மொண்டு, இமையை விரித்துப் பிடித்து, அரை மணி நேரம் ஊற்றிக்கொண்டே இருக்க வேண்டும். ஏடு விலகினால் திரும்ப வைத்துக்கொள்ளலாம், வெந்துபோன கருவிழியைத் திரும்ப வைக்க முடியாது. தாய்ப்பால், விளக்கெண்ணெய், நந்தியாவட்டைச் சாறு, துணி முனையை நாக்கில் நனைத்துத் துடைப்பது இதெல்லாம் எந்தக் கண்ணுக்கும் வேண்டாம்.

தம்பி கேட்காவிட்டாலும் சொல்கிறேன். கண்ணாடி போட்டிருந்த காலத்தில் அது அவர் கண்ணுக்கு வேலியாகவும் இருந்தது. லேசர் செய்ததும் வேலி போய்விட்டது, வேலை அதே காப்பிச் செடிக்குள்தான். பழம் பறிக்கும்போதும் சில்வர் ஓக் மரத்தில் மிளகு பறிக்க ஏணி வைக்கும்போதும் பவர் இல்லாத பாலிகார்பனேட் கண்ணாடி ஒன்றைப் போட்டுக்கொள்ளச் சொல்லுங்கள். சாலையோரக் கூலிங்கிளாஸ் உடைந்து அதுவே குத்தும்.

ஏற்காட்டின் உயரத்தால் லேசர் கண்ணுக்கு ஏதாவது ஆகுமா என்றும் கடைசியில் கேட்டிருக்கிறீர்கள். 1996-ல் எவரெஸ்டில் பெக் வெதர்ஸ் என்ற அமெரிக்கருக்கு நடு ஏற்றத்தில் பார்வை மங்கியது. அவர் செய்துகொண்டிருந்தது அந்தப் பழைய ஆர்கே. பிராணவாயு குறைந்ததில் வெட்டுப்பட்ட கருவிழி வடிவம் மாறிவிட்டது. அது எவரெஸ்ட். ஏற்காடு சுமார் 1,500 மீட்டர்தான், காற்றில் கண் கொஞ்சம் உலரும், அவ்வளவே.

வரும்போது போட்ட சொட்டு மருந்து பாட்டிலையும் கையோடு எடுத்து வாருங்கள். இங்கே கண்பாப்பாவை விரிக்கச் சொட்டு விடுவார்கள். நாலைந்து மணி நேரம் வெளிச்சம் கூசும், எழுத்து தெரியாது. திரும்பி மலையேறும்போது வண்டிச் சாவியைத் தம்பியிடம் கொடுக்காதீர்கள்.